கார்பன் சைக்கிளில் கிறீச் சத்தம்: பாட்டம் பிராக்கெட்டை மாற்றுவதற்கு முன்

கார்பன் இழையாலான ஃபிரேம் கொண்ட சைக்கிளில் மிதிக்கும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் வருகிறது என்று யாரிடம் சொன்னாலும், அவர் கடைக்காரராக இருந்தாலும் கூட ஓட்டுபவராக இருந்தாலும், உடனே வரும் பதில் "பாட்டம் பிராக்கெட் போயிருக்கும்" என்பதுதான். பெடல்கள் மாட்டியிருக்கும் தண்டுகளுக்குக் கிராங்க் என்று பெயர்; அதன் அச்சைத் தாங்கி நிற்கும் பேரிங் தொகுதிதான் பாட்டம் பிராக்கெட். சித்திரை வெயிலில் என் சைக்கிளில் தொடங்கிய சத்தம் ஐப்பசி மழை வரை போகவில்லை. அதற்குள் பாட்டம் பிராக்கெட்டை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. "ஃபிரேமே விரிசல் விட்டுவிட்டது" என்று ஒரு கடையில் தீர்ப்பும் எழுதிவிட்டார்கள். கையிலிருந்து ஏறக்குறைய 19,000 ரூபாய் போயிருந்தது. கடைசியில் சத்தம் பிறந்த இடம் பாட்டம் பிராக்கெட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது. அதைச் சரிசெய்ய ஆன செலவு விரல்நுனியளவு கிரீஸ். வேலூரில் கார்பன் சைக்கிள் வைத்திருப்பவர்கள் குறைவு. இதையெல்லாம் முன்னமே சொல்லிவைக்க எனக்கு ஒருவரும் இல்லாமல் போனார்கள் என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

சைக்கிள் புதிதல்ல, கைமாறி வந்தது. பெங்களூருவில் ஓட்டிக்கொண்டிருந்தவரிடம் வாங்கினேன். ரிம் பிரேக், குயிக் ரிலீஸ் சக்கரங்கள் (நெம்புகோலை மடக்கி இறுக்கும் வகை), ஷிமானோ கிராங்க். பாட்டம் பிராக்கெட் மரையிட்டுத் திருகும் வகை அல்ல; துளைக்குள் அழுத்திப் பொருத்தும் 'பிரஸ் ஃபிட்' வகை. துளையின் விட்டம் 41 மில்லிமீட்டர், ஃபிரேமின் அகலம் அந்த இடத்தில் 86.5 மில்லிமீட்டர். இந்த எண்களை அப்போது நான் அறிந்திருக்கவில்லை; பிறகு தூக்கத்திலும் சொல்லும் அளவுக்கு மனப்பாடமாகிவிட்டன. என் வழக்கமான பாதை சத்துவாச்சாரியிலிருந்து பாகாயம், கணியம்பாடி வழியாக அமிர்தி. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விடியும் முன் கிளம்பி, எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். அப்படித் திரும்பும்போது உடம்பில் இருக்கும் வியர்வையில் பாதி சைக்கிளின் மேல்தான் வடிந்திருக்கும். இந்த வியர்வையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் அதற்கு வேலை இருக்கிறது.

அமிர்திக்குப் போகும் சாலையில் ஜவ்வாது மலை நெருங்கும் ஏற்றத்தில்தான் முதலில் கேட்டது. வலது காலை அழுத்தும்போது ஒரு 'டிக்'. இன்னும் அழுத்தினால் 'கிறீச்'. சமதளத்தில் இல்லை. இறக்கத்தில் காலை நிறுத்திவிட்டு உருண்டால் இல்லை. முதல் வாரம் பாட்டு போல விட்டுவிட்டேன். பிறகு ஏலகிரிக்கு நண்பர்களோடு போனபோது, மலைப்பாதையின் 14 வளைவுகளிலும் அது என்னை விடவில்லை. பின்னால் வந்தவர், "நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் காது சுட்டது. சைக்கிள் ஓட்டுவதில் எனக்குப் பிடித்ததே காலையின் அமைதி. அது போன பிறகு ஒவ்வொரு மிதியும் ஒரு கணக்கெடுப்பு ஆகிவிட்டது: இப்போது வருமா, அடுத்ததில் வருமா என்று.

முதலில் போனது நம் ஊர்க் கடைக்குத்தான். நாற்பது வருடமாகச் சைக்கிள் பார்க்கும் பாய். இரும்புச் சைக்கிளில் அவர் கை வைத்தால் பேசும். கார்பனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது, நான் இறுக்கி ஏதாவது உடைந்தால் உங்களுக்கும் கஷ்டம் எனக்கும் கஷ்டம்" என்றார். செயினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பெடல்களைக் கழற்றி மரையில் கிரீஸ் வைத்து மாட்டினார். மொத்தம் 350 ரூபாய். சத்தம் போகவில்லை. ஆனால் இன்று திரும்பிப் பார்த்தால், இத்தனை கடைகளில் தனக்குத் தெரியாததைத் தொட மாட்டேன் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். மற்ற இடங்களில் தெரியாதது என்ற பேச்சே எழவில்லை.

அடுத்தது சென்னை. சக்கரங்களைக் கழற்றி, வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். கடையில் சக்கரங்களை மாட்டி, ஸ்டாண்டில் தொங்கவிட்டுக் கையால் பெடலைச் சுற்றினார்கள். "சத்தமே இல்லையே சார்" என்றார்கள். ஸ்டாண்டில் எப்படி வரும்? எழுபது கிலோ ஆள் ஏறி உட்கார்ந்து ஏற்றத்தில் மிதிக்கும்போது வரும் சத்தம், கையால் சும்மா சுற்றினால் வராது. நான் வற்புறுத்தியதும் கடைப் பையன் தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, அரை மனதோடு, "லேசாக வருகிறது, பிபி மாற்றிவிடலாம்" என்றான். பாட்டம் பிராக்கெட்டைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். பாகமும் கூலியும் சேர்த்து 3,800 ரூபாய். வேலூருக்கு வந்து ஓட்டினேன். சத்தம் இல்லை! அன்று வந்த மகிழ்ச்சியில் வீட்டில் எல்லோருக்கும் ஆம்பூர் பிரியாணி வாங்கிக்கொண்டு போனேன். அடுத்த மாதமே 'டிக்' திரும்பி வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் ஏமாறுவது இங்கேதான். பாட்டம் பிராக்கெட்டை மாற்றினால் சத்தம் நிற்கிறது, ஆகவே அதுதான் காரணம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் அந்த வேலையின்போது வேறு எத்தனையோ நடக்கிறது. பின்சக்கரம் கழன்று மறுபடி மாட்டப்படுகிறது. குயிக் ரிலீஸ் வேறொரு கையால், வேறொரு இறுக்கத்தில் மூடப்படுகிறது. சைக்கிள் கழுவப்படுகிறது. கிராங்க் கழன்று, புது கிரீஸோடு உள்ளே போகிறது. இவற்றில் எது சத்தத்தை நிறுத்தியது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தைத் தொடுங்கள், ஓட்டிப் பாருங்கள், பிறகு அடுத்ததற்குப் போங்கள் என்று கடைக்காரரிடம் கேட்டால் முகம் சுளிப்பார். அவருக்கு நேரம்தான் காசு. அதனால்தான் இந்தத் தேடல் வேலையைக் கடைக்குப் போகும் முன் நாமே வீட்டில் செய்ய வேண்டியிருக்கிறது.

அதே கடைக்குத் திரும்பப் போனேன். இந்த முறை, "சாதாரண பிரஸ் ஃபிட் இந்த ஃபிரேமுக்கு ஒத்துவரவில்லை" என்று சொல்லி, பேரிங்கைத் தாங்கும் இரண்டு கோப்பைகளும் நடுவில் ஒன்றோடொன்று மரையில் திருகிக்கொள்ளும் வகையைப் போட்டார்கள். 9,200 ரூபாய். நல்ல பாகம்தான், குறை சொல்ல மாட்டேன். துளையின் அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் சாதாரணக் கோப்பை அசைந்து சத்தம் போடும். திருகிக்கொள்ளும் வகையில் அந்த அசைவு குறையும் என்பது உண்மை. சத்தம் பாட்டம் பிராக்கெட்டிலிருந்து வந்திருந்தால் பலனும் கிடைத்திருக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிரஸ் ஃபிட் கோப்பையை ஒவ்வொரு முறை அடித்து வெளியே எடுக்கும்போதும் ஃபிரேமின் துளை கொஞ்சம் தேயும். கார்பன் துளையாக இருந்தால் திரும்ப வளராது. 'போட்டுப் பார்ப்போம், இல்லையென்றால் எடுத்துவிடுவோம்' என்று விளையாடும் இடம் அது அல்ல. உள்ளே செலுத்தும்போதும் சுத்தியால் தட்டாமல் அழுத்தும் கருவியைக் கொண்டு நேராகச் செலுத்துகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இந்த முறை சத்தம் இன்னும் சீக்கிரமாகத் திரும்பியது. அந்த நாட்களில் இரவில் படுத்தால்கூட அந்த 'டிக்' காதில் ஒலிக்கும். பிரெவே எனப்படும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம் ஒன்றுக்கு, 200 கிலோமீட்டருக்கு, பணம் கட்டியிருந்தேன். கெடு பதின்மூன்றரை மணி நேரம். போகவில்லை. அவ்வளவு நேரம் அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்த முடியாது என்று தோன்றியது. அப்பா, "இந்தச் சைக்கிளுக்குச் செலவழித்த காசில் வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கலாம்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

பிறகு பெங்களூரு. அங்கே ஒரு பெரிய கடை. வாங்கிப் பார்த்தவர் டார்ச் அடித்துத் தேடினார். இருக்கைக்குக் கீழே உள்ள குழாயான ஸீட் டியூப் கீழே வந்து பாட்டம் பிராக்கெட்டோடு சேரும் இடத்தில், வண்ணப்பூச்சில் தலைமுடி அளவு ஒரு கோடு. "சார், ஃபிரேம் போய்விட்டது. இதை ஓட்டாதீர்கள், உயிருக்கு ஆபத்து" என்றார். அடுத்த வாக்கியத்திலேயே, தங்களிடம் ஒரு ஃபிரேம் இருப்பதாகவும் 85,000 ரூபாய்க்குத் தருவதாகவும் சொன்னார். நான் உள்ளூர நடுங்கிப் போனேன். ஏலகிரி இறக்கத்தில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கியது நினைவுக்கு வந்தது. திரும்பும் வழியில் ஆம்பூர் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

விரிசல் பயத்தைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். பயம் நியாயமானது. கார்பன் உடையும்போது இரும்பைப் போல வளைந்து எச்சரிக்காமல் திடீரென்று விட்டுவிடக்கூடும். ஆகவே ஃபிரேமில் சந்தேகம் வந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். அதில் பேரம் வேண்டாம். சத்தம் முன்பக்கத்தில், ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை), ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தாங்கும் துண்டு), ஹேண்டில்பார் பக்கத்தில் என்றால் அந்த நிமிடமே இறங்கிவிடுங்கள். அதே நேரம், கோடெல்லாம் விரிசல் ஆகிவிடாது. மேலே பூசிய வண்ணமும் வார்னிஷும் மட்டும் வெடிப்பது சாதாரணம், அதிலும் இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில். நான் செய்தது இது: கோட்டின் இரு முனைகளிலும் பென்சிலால் அடையாளம் வைத்து, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தேன். பஞ்சை அதன் மேல் மெல்லத் தேய்த்தேன். இழை உடைந்திருந்தால் பஞ்சு மாட்டும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் அந்த இடம் கொடுக்கும். நாணயத்தால் தட்டிக் கேட்டேன். நல்ல இடத்தில் 'டக்' என்று கூர்மையாகவும் கெட்ட இடத்தில் மந்தமாகவும் ஒலிக்கும் என்பார்கள். ஆனால் குழாயின் தடிமன் மாறும் இடத்தில் ஒலியும் மாறும், ஆகவே நாணயத்தை மட்டும் நம்பக் கூடாது. வலது பக்கத்தில் சந்தேகம் என்றால் இடது பக்கத்தில் அதே இடத்தையும் தட்டி ஒப்பிட வேண்டும். எல்லாம் நல்லபடியாகத் தெரிந்தும் மனம் ஒப்பவில்லை. ஃபிரேம் விற்காத, பழுது மட்டும் பார்க்கும் ஒருவரிடம் அனுப்பினேன். அவர் அந்த இடத்தில் வண்ணத்தை மட்டும் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து எடுத்துப் பார்த்தார். கீழே இழைகள் ஒழுங்காக இருந்தன. 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, வெறும் வண்ண வெடிப்பு என்று சொல்லி மேலே வார்னிஷ் பூசிக் கொடுத்தார். அதுவரை இந்தச் சத்த விவகாரத்தில் நான் வருத்தப்படாத செலவு அது ஒன்றுதான். உங்களுக்கும் சொல்கிறேன்: ஃபிரேம் விரிசல் என்று சொல்பவரும் புது ஃபிரேம் விற்பவரும் ஒருவரே என்றால், வேறொருவரிடம் காட்டாமல் முடிவெடுக்காதீர்கள்.

ஃபிரேம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்குப் பிடிவாதம் வந்தது. இனி ஒரு கடைக்கும் போவதில்லை, நானே கண்டுபிடிக்கிறேன் என்று உட்கார்ந்தேன். முதலில் ஒரு டார்க் ரென்ச் வாங்கினேன். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து சொல்லும் கருவி, 3,400 ரூபாய். இதை நஷ்டக் கணக்கில் சேர்க்கவில்லை. கார்பன் சைக்கிள் வைத்திருப்பவர் வீட்டில் இது இல்லாமல் இருக்கக் கூடாது. இருக்கையைத் தாங்கும் தண்டான ஸீட் போஸ்ட்டை இறுக்கும் கிளாம்பில் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். கைக்கணக்கில் இறுக்கினால் அதைத் தாண்டுவது மிக எளிது, தாண்டினால் நொறுங்குவது கார்பன்.

கார்பன் ஃபிரேமில் காது பொய் சொல்லும். உள்ளே வெற்றிடமான, விறைப்பான குழாய்கள் அவை. நரம்பை எங்கே மீட்டினாலும் நாதம் வீணையின் குடத்திலிருந்து எழுவது போல, பின்னால் பிறக்கும் சத்தம் குழாய் வழியாக வந்து பாட்டம் பிராக்கெட் பக்கம் முழங்கும். எல்லோரும் அதையே கைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே 'எங்கே' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'எப்போது' என்று கேட்க ஆரம்பித்தேன். மிதிக்காமல் உருளும்போதும் வருகிறதா? அப்படியென்றால் சக்கரம், அதன் நடுவிலுள்ள ஹப், ஸ்போக், ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்கான ஹெட்செட் பக்கம் பார்க்க வேண்டும். எனக்கு வரவில்லை. மிதிக்கும் தாளத்தோடு வருகிறதா, சக்கரம் சுற்றும் தாளத்தோடு வருகிறதா? எனக்கு மிதிக்கும் தாளம். இதைக் கேட்டதும் கிராங்க்தான் என்று குதிக்கத் தோன்றும். பொறுங்கள். மிதிக்கும்போது இடுப்பும் அதே தாளத்தில் இருக்கையின் மேல் அசைகிறது; ஸீட் போஸ்ட் சத்தமும் அச்சு அசலாக அதே தாளத்தில்தான் வரும். பிரித்தறிய எழுந்து நின்று மிதிக்க வேண்டும். நின்றபோது எனக்குச் சத்தம் இன்னும் அதிகமாக வந்தது, ஆகவே இருக்கை தப்பித்தது. நின்றால் கைகள் ஹேண்டில்பாரை இழுக்கின்றனவே, அது காரணமாக இருக்குமோ? உட்கார்ந்து, விரல்களை மட்டும் மேலே வைத்துக்கொண்டு கனமான கியரில் ஏறினேன். அப்போதும் வந்தது. முன்பக்கமும் தப்பித்தது.

இந்தச் சோதனைகளுக்குச் சந்தடியில்லாத சாலை வேண்டும். நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் லாரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. கணியம்பாடி தாண்டி அமிர்திப் பக்கம் திரும்பிவிட்டால் விடியற்காலையில் மயிலும் நீங்களும்தான்.

அடுத்து, கழற்றிச் சரிபார்ப்பது. மலிவான, எளிதான பாகத்திலிருந்து தொடங்க வேண்டும். கடைகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பாட்டில் தாங்கியின் திருகுகள். சிரிக்காதீர்கள், பலருக்கு அதுதான் காரணமாக இருந்திருக்கிறது. பிறகு காலணியின் அடியில், பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளீட்டின் திருகுகள். பிறகு பெடல், இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்பதை மறந்து பலம் காட்டினால் கிராங்கின் மரை போய்விடும். பல்சக்கரத் திருகுகள். ஷிமானோ கிராங்கின் இடது தண்டில் உள்ள இரண்டு திருகுகளை 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை, இதைக் கொஞ்சம் அதைக் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். அதற்கு முன் ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை விரலால் திருகும் அளவுக்கு மட்டும். கேசட்டின், அதாவது பின்சக்கரப் பல்சக்கர அடுக்கின், பூட்டு வளையம் 40 நியூட்டன் மீட்டர். ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஓட்டிப் பார்த்தேன். நண்பரின் பின்சக்கரத்தை இரவல் வாங்கி மாட்டினேன். முதல் நாள் சத்தம் இல்லை, சக்கரம்தான் என்று எண்ணினேன். அடுத்தடுத்த நாட்களில் வந்துவிட்டது. சென்னையிலும் இதே கதைதானே நடந்தது என்று அப்போதுதான் பொறி தட்டியது: பின்சக்கரம் கழன்று மாட்டப்படும்போதெல்லாம் சில நாள் அமைதி.

அத்தை மகள் செவிலியர். அவளிடம் பழைய ஸ்டெதாஸ்கோப் ஒன்றை வாங்கி வந்தேன். ஆஸ்பத்திரிகள் நிறைந்த இந்த ஊரில் அது கிடைப்பதா கஷ்டம்? "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டாள். சைக்கிளுக்கு என்றதும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். முன்சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து, பின் பிரேக்கை இறுகப் பிடித்து, வலது கிராங்க் முன்னால் கிடைமட்டமாக நிற்கும்படி வைத்து, தம்பியிடம் பெடலை விட்டு விட்டு அழுத்தச் சொன்னேன். ஓட்டும்போது மட்டுமே வந்த சத்தம் நின்ற இடத்திலேயே வந்தது. ஸ்டெதாஸ்கோப்பைப் பாட்டம் பிராக்கெட்டில் வைத்தேன்: கேட்டது, ஆனால் பரவலாக, தூரத்தில் போல. ஸீட் டியூபில் வைத்தேன்: அப்படியே. பின்னால் வலது பக்கம், சக்கரத்தின் அச்சு ஃபிரேமில் உட்காரும் இடத்தில் வைத்ததும் காதில் சுள்ளென்று அடித்தது. கருவியை எடுத்துவிட்டு விரலை வைத்தேன். தம்பி அழுத்தும் ஒவ்வொரு முறையும் விரலுக்கடியில் அந்த 'டிக்' துடித்தது. இந்த விரல் சோதனைக்குக் கருவியே தேவையில்லை. அழுத்த ஓர் ஆள் இருந்தால் போதும், ஒவ்வொரு இணைப்பாக விரல் வைத்துக்கொண்டே போகலாம்.

அங்கே இருப்பது ஹேங்கர். கியர் மாற்றும் பின்பக்க டீரெய்லர் தொங்கும் சிறிய அலுமினியத் துண்டு. சைக்கிள் கீழே விழுந்தால் ஃபிரேம் உடையாமல் இது வளைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காகத் தனியாகக் கழற்றும்படி செய்திருப்பார்கள். சிறிய திருகுகளில் ஃபிரேமோடு நிற்கும். பின்சக்கரத்தின் குயிக் ரிலீஸ் அதையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும். வலது காலை அழுத்தும்போது செயின் இழுக்கும் மொத்த விசையும் அந்த மூலைக்கு வருகிறது. டீரெய்லரை அவிழ்த்து, ஹேங்கரைக் கழற்றினேன். பின்புறம் முழுக்க வெள்ளைப் பொடி பூத்திருந்தது, நடுவில் நுண்மணல். வெள்ளைப் பொடி அலுமினியத்தின் அரிப்பு. கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் சேர்ந்தால் அது மின்கலம் போல வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். உப்புநீர் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. மணல், வறண்ட பாலாற்றுப் பாலத்தில் காற்றடிக்கும் நாளில் கண்ணிலும் பல்லிலும் படுவதே. பொடியால் ஹேங்கர் சரியாக ஒட்டி உட்காரவில்லை. மயிரிழை அளவு நழுவி நழுவிச் சத்தம் போட்டிருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது புதிதாக இறுகியதால் சில நாள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

பழைய பல்துலக்கியும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் கொண்டு இரு பக்கமும் சுத்தமாகத் துடைத்தேன். ஃபிரேம் பக்கம் உப்புத்தாள் போடக் கூடாது. ஹேங்கரின் பின்புறம் மெல்லிய படலமாக கிரீஸ், திருகுகளின் மரையில், அவை தானாகத் தளராமல் இருக்க, துளி பூட்டுப் பசை. அந்தத் திருகுகள் மிகச் சிறியவை. எல் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து இரண்டு விரலால் இறுக்கினால் போதும். குயிக் ரிலீஸ் நெம்புகோலையும் பார்த்தேன். எடை குறைவு என்பதற்காக விற்கப்படும், வளைந்த பகுதி வெளியே தெரியும் வகை. அது இறுக்கும் விசை குறைவு. நண்பரின் வீட்டில் சும்மா கிடந்த ஷிமானோவின் கனமான, உள்ளே மூடியிருக்கும் வகையை வாங்கிப் போட்டேன். அவ்வளவுதான். மறுநாள் அமிர்தி ஏற்றத்தில் நின்று மிதித்தேன், உட்கார்ந்து மிதித்தேன், கனமான கியரில் வேண்டுமென்றே அழுத்தினேன். செயின் ஓடும் சத்தமும் என் மூச்சும் மட்டும்தான். அழுகை வரும் போல இருந்தது, அதோடு சென்னையில் கொடுத்த 13,000 ரூபாயை நினைத்து நல்ல கோபமும் வந்தது.

கதை அதோடு முடியவில்லை. வடகிழக்குப் பருவமழையில் இரண்டு தடவை நன்றாக நனைந்த பிறகு வேறொரு சத்தம்: உட்கார்ந்தால் மட்டும், கொஞ்சம் மந்தமாக. இந்த முறை கடைகள் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து நின்றேன், நின்றுவிட்டது. ஸீட் போஸ்ட்டை உருவினேன். உள்ளே ஈரமும் சேறும். துடைத்துக் காயவைத்து, கார்பன் பேஸ்ட் தடவி, 5 நியூட்டன் மீட்டரில் இறுக்கினேன். கார்பனோடு கார்பன் சேரும் இந்த இடத்தில் கிரீஸ் போடக் கூடாது. கிரீஸில் போஸ்ட் வழுக்கி இறங்கும், நிறுத்துவதற்காக மேலும் மேலும் இறுக்குவோம், கிளாம்ப் குழாயை நசுக்கும். பேஸ்ட்டில் நுண்மணிகள் இருப்பதால் குறைந்த இறுக்கத்திலேயே பிடித்துக்கொள்ளும். உருவும் முன் போஸ்ட்டின் உயரத்தை ஒட்டுநாடாவால் அடையாளம் வைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் முழங்கால் வலிதான் மிச்சம்.

இப்போது மாதம் ஒருமுறை பின்சக்கரத்தைக் கழற்றி அந்த மூலையைத் துடைக்கிறேன். ஓட்டிவிட்டு வந்ததும் ஈரத்துணியால் மேல்குழாயையும் ஸ்டெம் பக்கத்தையும் ஒரு துடைப்பு, வியர்வை காய்வதற்குள். இரு சக்கர வாகனம் கழுவும் கடைகளில் பீய்ச்சியடிக்கும் தண்ணீருக்குச் சைக்கிளைக் காட்டுவதில்லை. பேரிங்கின் அடைப்பைத் தாண்டி உள்ளே போய்விடும். ஹேங்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனி வடிவம் என்பதால் வளைந்தால் உடனே கிடைக்காது. ஒன்றை வரவழைத்து இருக்கைப் பையில் போட்டிருக்கிறேன். பாயிடம் டார்க் ரென்ச்சைக் காட்டினேன். வாங்கிப் பார்த்து, ஒரு பழைய சைக்கிளின் திருகில் வைத்து இறுக்கி அது 'டக்' என்று விடுவதைக் கேட்டுவிட்டு, "இது இருந்தால் நானே செய்து தருகிறேன் சார், கொண்டு வாருங்கள்" என்றார். சத்துவாச்சாரி, காட்பாடிப் பக்கம் இருப்பவர்கள் கார்பன் சைக்கிளோடு அவரிடம் போவதென்றால் ரென்ச்சை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.